ஒன்லைனில் காசு கட்டியும் பொருள் வரவில்லையா? மட்டக்களப்பு, அம்பாறை வாசிகளுக்கு ஒரு வழிகாட்டி

காசு கட்டியாகிவிட்டது. சொன்ன திகதியும் கடந்துவிட்டது. கேட்டால் "நாளைக்குக் கட்டாயம் வரும்" என்ற பதில்தான். இந்த நிலையில் இருப்பவர் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது, உங்களுக்கு உதவக்கூடிய ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு காலக்கெடு இருக்கிறது என்பதைத்தான். விற்பனையாளர் இழுத்தடிக்கும் ஒவ்வொரு கிழமையும் அந்தக் கெடுவில் இருந்தே கழிகிறது. பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைக்கு எழுத்தில் முறைப்பாடு செய்ய மூன்று மாதம். விசா, மாஸ்டர்கார்ட் அட்டையால் கட்டிய காசை வங்கி மூலம் மீளக் கேட்கப் பொதுவாக 120 நாட்கள். பேபால் என்றால் காசு கட்டிய நாளிலிருந்து 180 நாட்கள். யாரோ ஒருவரின் வங்கிக் கணக்குக்கு நேரடியாகப் போட்ட காசு என்றால் மணித்தியாலக் கணக்குத்தான். விற்பனையாளரோடு பொறுமையாகவே கதையுங்கள். ஆனால் கதைக்கும்போதே கடதாசி வேலையையும் தொடங்கிவிடுங்கள்.

கணக்குக்குக் காசு போட்டு, அடுத்த நிமிடமே உங்களை வட்ஸ்அப்பில் தடுத்துவிட்டார்கள் என்றால் இதை வரிசையாக வாசிக்க வேண்டாம். நேரே 6ஆம் படிக்குப் போய் வங்கிக்கு அழைத்துவிட்டு வாருங்கள்.

1. பொருள் உண்மையில் எங்கே நிற்கிறது என்று பாருங்கள்

வராத பொதி எல்லாமே ஏமாற்று அல்ல. நமது பகுதியில் முகவரிக் குழப்பம் ஒரு பெரிய காரணம். கல்முனை, சம்மாந்துறை, அக்கரைப்பற்று, பொத்துவில் எல்லாம் அம்பாறை மாவட்டம்தான். ஆனால் ஓடர் செய்யும்போது மாவட்டத்துக்கும் "அம்பாறை", நகரத்துக்கும் "அம்பாறை" என்று தெரிவு செய்தால் பொதி அம்பாறை நகரக் கிளைக்குப் போய் நின்றுவிடும். அங்கிருந்து கரையோரத்துக்கு அது தானாக வராது. பெரியகல்லாறு மட்டக்களப்பு மாவட்டம், பக்கத்தில் உள்ள பெரியநீலாவணை அம்பாறை மாவட்டம். இப்படி எல்லையில் இருப்பவர்கள் எந்தக் கிளை தங்கள் ஊருக்கு விநியோகிக்கிறது என்று கூரியரிடம் கேட்டுவைத்துக்கொள்வது நல்லது.

தபால் குறியீட்டைச் சரியாகப் போடுங்கள்: மட்டக்களப்பு 30000, காத்தான்குடி 30100, களுவாஞ்சிகுடி 30200, ஏறாவூர் 30300, வாழைச்சேனை 30400, அம்பாறை 32000, சம்மாந்துறை 32200, கல்முனை 32300, அக்கரைப்பற்று 32400, பொத்துவில் 32500.

படுவான்கரைப் பக்கம், கொக்கட்டிச்சோலை, வெல்லாவெளி, வவுணதீவு போன்ற இடங்களில் இருப்பவர்களுக்கு இன்னொரு சிக்கல். கூரியர்காரர் வீடு வரை வராமல், "டவுனுக்கு வந்து எடுங்க" என்று ஒரு அழைப்போடு விட்டுவிடுவார். அந்த அழைப்பைத் தவறவிட்டால் "வாடிக்கையாளர் பதிலளிக்கவில்லை" என்று பதிந்து பொதியைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள். வீட்டு விநியோகத்துக்குக் காசு வாங்கியிருந்தால், ஓடரில் உள்ள முகவரிக்குத்தான் அவர்கள் கொண்டுவர வேண்டும். டவுனுக்குப் போய் எடுக்க நீங்கள் இணங்கினால் அது உங்கள் விருப்பம். இணங்காவிட்டால் அதைக் குறுஞ்செய்தியில் எழுதி அனுப்புங்கள்.

இனித் தடமறிதலைப் பாருங்கள். கூரியர் இலக்கம் தந்துவிட்டார்கள் என்பதால் பொருள் புறப்பட்டுவிட்டது என்று நினைக்க வேண்டாம். ஒட்டுச்சீட்டு அச்சடித்தவுடனேயே இலக்கம் வந்துவிடும். கூரியர் பொதியைக் கையேற்றதாகவோ, ஒரு கிளையில் ஸ்கேன் ஆனதாகவோ ஒரு பதிவு இருந்தால்தான் பொருள் கடையை விட்டு வெளியேறியது என்று அர்த்தம். அப்படி ஒன்றும் இல்லாமல் நாட்கள் கடந்தால் பிரச்சினை கடையில்தான், கூரியரில் அல்ல.

"ஒப்படைக்கப்பட்டது" என்று காட்டுகிறது, ஆனால் உங்களுக்கு வரவில்லை என்றால் அன்றே செயற்படுங்கள். வீட்டில் உள்ளவர்களிடமும் அக்கம்பக்கத்திலும் கேளுங்கள். பிறகு கூரியர் கிளைக்கும் விற்பனையாளருக்கும் ஒரே செய்தியை அனுப்பி மூன்று விடயங்களைக் கேளுங்கள்: யார் கையேற்றார், கையொப்பம் அல்லது படம் எங்கே, எத்தனை மணிக்கு. நாள் போகப் போக விநியோகித்தவருக்கு ஞாபகம் இருக்காது, கிளைக்கும் அக்கறை இருக்காது.

"நாங்கள் கூரியரிடம் கொடுத்துவிட்டோம், இனி அவர்களோடு கதையுங்கள்" என்பது அடிக்கடி கேட்கும் பதில். கூரியரை அமர்த்தியது கடைதான். காணாமல்போன பொதிக்குக் கூரியரிடம் நட்டஈடு கேட்கும் ஒப்பந்தமும் கடையிடம்தான் இருக்கிறது. ஆகவே கூரியர் கையேற்ற சான்றைக் கேட்டு வாங்குங்கள். காணாமல்போன பொதிக்கான கோரிக்கையைக் கடையே கூரியரிடம் பதிய வேண்டும் என்று எழுத்தில் சொல்லுங்கள்.

2. ஆதாரங்களை அன்றைக்கே சேருங்கள்

பேஸ்புக் பக்கத்தின் பெயர் ஒரு இரவில் மாறிவிடும். விளம்பரம் அழிந்துவிடும். வட்ஸ்அப்பில் தானாக மறையும் செய்திகள் இயங்கிக்கொண்டிருந்தால் நீங்கள் கதைத்ததே இல்லாமல் போய்விடும். முதலில் அந்த வசதியை நிறுத்துங்கள். பிறகு இவற்றைச் சேருங்கள்:

- விளம்பரம்: விலை, படம், "இத்தனை நாளில் விநியோகம்" என்ற வாக்குறுதி மூன்றும் தெரியும்படி.
- ஓடர் உறுதிப்படுத்தல்: ஓடர் இலக்கம், திகதி, முகவரி.
- காசு கட்டிய சான்று: வங்கிச் செயலியின் ரசீது, பரிமாற்றத்தின் குறிப்பு இலக்கம், வங்கிக் கூற்றில் அந்த வரி.
- பேச்சு முழுவதும்: வட்ஸ்அப்பில் உள்ள ஏற்றுமதி வசதியால் முழு அரட்டையையும் உங்கள் மின்னஞ்சலுக்கு அனுப்பிவைக்கலாம். நடுவில் இரண்டு செய்தியை மட்டும் வெட்டி எடுத்த ஸ்கிரீன்ஷொட்டை எவரும் பெரிதாக மதிப்பதில்லை.
- பக்கத்தின் முழு இணைய முகவரி: பெயர் மட்டும் போதாது.
- தடமறிதல் பக்கம், திகதி தெரியும்படி.

தொலைபேசியில் கதைத்தால், வைத்தவுடன் "இன்று நீங்கள் தொலைபேசியில் சொன்னதன்படி 15ஆம் திகதிக்குள் அனுப்புவீர்கள்" என்று ஒரு செய்தி போடுங்கள். அதற்கு அவர் "ஓம்" என்று பதில் போட்டால் வாய்ப்பேச்சு எழுத்தாகிவிடும். இப்படிப்பட்ட மின்னஞ்சலும் செய்தியும் செல்லுமா என்று பலர் தயங்குகிறார்கள். 2006 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்க இலத்திரனியல் கொடுக்கல் வாங்கல்கள் சட்டப்படி, இலத்திரனியல் வடிவில் இருப்பது என்ற ஒரே காரணத்துக்காக ஒரு பதிவைச் செல்லாது என்று தள்ள முடியாது.

பற்றுச்சீட்டு தரவில்லையா? கேளுங்கள். பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டத்தின் 28 ஆம் பிரிவு, வாங்குபவர் கேட்டால் வியாபாரி பற்றுச்சீட்டுத் தர வேண்டும் என்கிறது. தர மறுத்தால் அதுவே முறைப்பாட்டில் சேர்க்க ஒரு விடயம்.

3. விற்பனையாளர் யார் என்று உறுதிப்படுத்துங்கள்

இந்தப் படியைத் தாண்டி ஓடுபவர்கள்தான் பின்னால் அலைக்கழிகிறார்கள். பெயரும் முகவரியும் இல்லாத ஒருவருக்கு எந்த அலுவலகமும் கடிதம் அனுப்ப முடியாது.

இணையத்தளத்தின் அடியிலும் நிபந்தனைப் பக்கத்திலும் கொம்பனிப் பெயர் இருக்கும். "பிவி" என்று தொடங்கும் இலக்கம் இருந்தால் அது தனியார் கொம்பனியாகப் பதிவானது. கொம்பனிப் பதிவாளர் திணைக்களத்தின் இணையத்தளத்தில் பெயரைத் தேடிப் பார்க்கலாம். பேஸ்புக் பக்கம் என்றால் அதன் வெளிப்படைத்தன்மைப் பகுதியைத் திறவுங்கள். பக்கம் எப்போது தொடங்கப்பட்டது, முன்பு என்ன பெயரில் இருந்தது, நடத்துபவர்கள் எந்த நாட்டில் இருக்கிறார்கள் என்பது அங்கே தெரியும். நேற்று வரை வேறு பெயரில் வேறு எதையோ விற்ற பக்கம் இன்று போன் விற்கிறது என்றால், சந்தேகப்பட அதுவே போதும்.

பெரிய சந்தைத் தளங்களில் தளம் வேறு, அதில் கடை வைத்திருப்பவர் வேறு. இருவரின் பெயரையும் குறித்துக்கொள்ளுங்கள். முறைப்பாட்டில் இருவரையும் போடலாம்.

4. எழுத்தில் கேளுங்கள், திகதி கொடுங்கள்

இங்கே நேரம் செலவழிப்பது வீண் போகாது. வங்கியும் அதிகார சபையும் முதலில் கேட்பது "விற்பனையாளரிடம் கேட்டீர்களா, என்ன சொன்னார்?" என்பதைத்தான். அதற்கு ஒரே தாளில் பதில் இருக்க வேண்டும். கோபத்தைக் கொட்டிய இருபது குரல்பதிவுகள் அந்த வேலையைச் செய்யாது. கீழே உள்ளதை உங்கள் விபரத்துக்கு ஏற்ப மாற்றி அனுப்புங்கள்:

"ஓடர் இலக்கம் ____ இன் கீழ் ____ ஆம் திகதி ____ என்ற பொருளை வாங்கி ரூபா ____ செலுத்தியுள்ளேன் (பரிமாற்றக் குறிப்பு இலக்கம் ____). ____ ஆம் திகதிக்குள் விநியோகிப்பதாக உறுதியளித்தீர்கள். இன்று வரை பொருள் கிடைக்கவில்லை. இக்கடிதத் திகதியிலிருந்து 7 நாட்களுக்குள் பொருளை ஓடரில் உள்ள முகவரிக்கு அனுப்பி, கூரியர் கையேற்ற சான்றைத் தரவும். தவறினால் ஓடரை இரத்துச் செய்து, விநியோகக் கட்டணம் உட்பட முழுத் தொகையையும் நான் செலுத்திய வழியிலேயே திருப்பித் தரவும். இரண்டும் நடைபெறாவிடின் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபையிலும் எனது வங்கியிலும் முறைப்பாடு செய்வேன்."

மின்னஞ்சலிலும் வட்ஸ்அப்பிலும் ஒரே நாளில் அனுப்புங்கள். முகவரி இருந்தால் பதிவுத் தபாலிலும் அனுப்பி, தபாலகம் தரும் துண்டைப் பிரதியோடு பின் செய்து வையுங்கள். கடிதம் திரும்பி வந்தால் உறையைக் கிழிக்காமல் அப்படியே வைத்திருங்கள். கொடுத்த முகவரியே பொய் என்பதற்கு அது நல்ல சான்று. கொழும்புக் கடை என்றால் தமிழ்க் கடிதத்தோடு ஆங்கில வடிவத்தையும் சேர்த்து அனுப்பினால் "விளங்கவில்லை" என்ற சாட்டு இருக்காது.

கடைகள் இந்தக் கட்டத்தில் சில மாற்றுவழிகளை நீட்டும். காசுக்குப் பதில் கடையிலேயே செலவழிக்கும் வவுச்சர், "வேறு மொடல் அனுப்பட்டுமா", "கூரியர் காசு மட்டும் இன்னொரு தரம் போடுங்க" என்பவை வழக்கமானவை. வவுச்சரை ஏற்றால் காசு கேட்கும் உரிமையை நீங்களே பலவீனமாக்குகிறீர்கள். இரண்டாம் தரம் காசு போடவே வேண்டாம்.

5. தளத்தின் உள்ளேயே தகராறைத் திறவுங்கள்

தராஸ் போன்ற சந்தைத் தளத்திலோ வெளிநாட்டுத் தளத்திலோ வாங்கியிருந்தால் செயலியின் உள்ளேயே பணமீட்பு அல்லது தகராறுப் பகுதி உண்டு. விற்பனையாளர் "வெளியே வட்ஸ்அப்புக்கு வாங்க, பேசித் தீர்ப்போம்" என்பார். போக வேண்டாம். தளத்துக்குள் நடந்த பேச்சை மட்டும்தான் தளம் பார்க்கும்.

பொருள் கைக்கு வரும் முன் "பெற்றுக்கொண்டேன்" என்ற பொத்தானை அழுத்தாதீர்கள். "அழுத்தினால்தான் அனுப்புவோம்" என்று கேட்பவர்களும் இருக்கிறார்கள். அழுத்தியவுடன் தளம் பிடித்துவைத்திருந்த காசு விற்பனையாளருக்குப் போகும் வழி திறந்துவிடும். அதேபோல, காசு கணக்கில் விழும் முன் "தீர்ந்தது" என்று தகராறை மூட வேண்டாம். பல இடங்களில் மூடியதைத் திரும்பத் திறக்க முடியாது.

பேபாலில் கட்டியவர்கள் 180 நாட்களுக்குள் தகராறைத் திறந்து, திறந்த நாளிலிருந்து 20 நாட்களுக்குள் அதைக் கோரிக்கையாக உயர்த்த வேண்டும். அந்த 20 நாளை மறந்தால் தகராறு தானாக மூடிவிடும். விற்பனையாளர் பதில் எழுதிக்கொண்டே இருப்பது பல நேரம் அந்த நாளைக் கடத்தத்தான்.

6. காசு போன வழியைப் பிடியுங்கள்

அட்டையால் கட்டியிருந்தால் உங்கள் கை ஓங்கியிருக்கிறது. கிரெடிட் அட்டைக்கு மட்டும்தான் இந்த வசதி என்று நினைக்க வேண்டாம். விசா, மாஸ்டர்கார்ட் சின்னம் உள்ள டெபிட் அட்டைக்கும் உண்டு. வங்கியில் அட்டைத் தகராறுப் படிவத்தைக் கேட்டு வாங்குங்கள். காரணம் என்ற இடத்தில் "பொருள் கிடைக்கவில்லை" என்பதைத் தெரிவு செய்யுங்கள். "நான் செய்யாத கொடுக்கல் வாங்கல்" என்று போட்டுவிடாதீர்கள். நீங்களே ஓடிபி கொடுத்துச் செய்த பணப்பரிமாற்றம் அது. பொய்க் காரணம் போட்டால் அட்டையை முடக்குவார்கள், விசாரணையிலும் நீங்கள் தோற்பீர்கள்.

120 நாள் என்பது அட்டை வலையமைப்பின் பொதுக் கெடு. விநியோகத் திகதி சொல்லியிருந்தால் அந்தத் திகதியிலிருந்து அது எண்ணப்படும். ஆனால் உங்கள் வங்கி தன் வாடிக்கையாளருக்கு இதைவிடக் குறுகிய கெடு வைத்திருக்கலாம். ஆகவே வங்கியின் கெடுவை அழைத்துக் கேட்டு, அதையே உங்கள் கெடுவாக எடுங்கள். படிவத்தோடு ஓடர் உறுதி, 4ஆம் படிக் கடிதம், விற்பனையாளரின் பதில் அல்லது பதிலின்மை, தடமறிதல் ஸ்கிரீன்ஷொட் நான்கையும் இணையுங்கள். கூற்றில் அந்தத் தொகை இன்னும் நிலுவை என்று காட்டினால் அது பதிவாகும் வரை படிவத்தை ஏற்க மாட்டார்கள்.

"காசைத் திருப்பி அனுப்பிவிட்டோம், வங்கியில் பாருங்கள்" என்று கடை சொன்னால், அந்தத் திருப்பலுக்கான 23 இலக்கக் குறிப்பு எண்ணைக் கேளுங்கள். உண்மையில் அட்டைக்கு அனுப்பியிருந்தால் அந்த எண் கடையின் வங்கியிடம் இருக்கும். அதை உங்கள் வங்கியிடம் கொடுத்தால் காசு எங்கே நிற்கிறது என்று தேடிச் சொல்வார்கள். எண் தர முடியாதவர் அனுப்பியிருக்க மாட்டார் என்றே எடுத்துக்கொள்ளுங்கள். வெளிநாட்டு நாணயத்தில் கட்டியது என்றால், திரும்பும் நாளின் மாற்று விகிதப்படிதான் வரும். கட்டிய தொகையும் வந்த தொகையும் கொஞ்சம் வேறுபடும்.

வங்கிக் கணக்குக்கு நேரடியாகப் போட்டிருந்தால் நிலைமை கடினம். அந்தக் காசு உடனே மறுபக்கக் கணக்கில் விழுந்துவிடும், அனுப்பியவரின் வங்கி தன் விருப்பப்படி அதைப் பின்னிழுக்க முடியாது. இருந்தாலும் உங்கள் வங்கியின் 24 மணிநேர இலக்கத்துக்கு உடனே அழையுங்கள். பெறுபவரின் வங்கிக்கு ஏமாற்று முறைப்பாட்டை அறிவிக்கச் சொல்லுங்கள், உங்கள் முறைப்பாட்டுக்கு ஒரு இலக்கம் வாங்குங்கள், அன்றே 8ஆம் படிப்படி பொலிஸுக்குப் போங்கள். காசு கணக்கில் இருக்கும்போதே பிடிபட்டால்தான் ஏதாவது செய்ய முடியும். கணக்குக்குரியவரின் விபரத்தை வங்கி உங்களுக்குச் சொல்லாது. பொலிஸும் நீதிமன்றமும் கேட்டால் கொடுக்கும். கடையின் பெயர் ஒன்று, கணக்கின் பெயர் ஒரு தனிநபருடையது என்றால் அடுத்த முறை அந்த இடத்திலேயே நிறுத்திவிடுங்கள்.

கோகோ, மின்ட்பே போன்ற தவணைச் சேவைகளில் வாங்கியவர்கள், பொருள் வரவில்லை என்பதற்காகத் தவணையைத் தாங்களாகவே நிறுத்த வேண்டாம். தாமதக் கட்டணம் ஏறும். விற்பனையாளருக்கு எழுதிய அதே கடிதத்தைச் சேவைக்கும் அனுப்பி, தகராறு முடியும் வரை தவணையை நிறுத்திவைக்கச் சொல்லிக் கேளுங்கள்.

வங்கி கையை விரித்தால், அல்லது முறைப்பாட்டுக்குப் பதிலே தராவிட்டால், மத்திய வங்கியின் நிதியியல் வாடிக்கையாளர் உறவுகள் திணைக்களத்துக்கு 1935 என்ற இலக்கத்தில் அழைக்கலாம். முதலில் வங்கியிடமே எழுத்தில் முறையிட்டிருக்க வேண்டும். அந்தக் கடிதத்தின் பிரதியைத் தயாராக வையுங்கள்.

7. பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபை

2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் இயங்கும் இந்தச் சபைக்கு முறைப்பாடு செய்யக் கட்டணம் இல்லை. அவசரத் தொலைபேசி 1977. ஆனால் அழைத்ததோடு நின்றுவிடாதீர்கள். சட்டத்தின் 13 ஆம் பிரிவு முறைப்பாடு எழுத்தில் இருக்க வேண்டும் என்றும், மூன்று மாதத்துக்குள் வர வேண்டும் என்றும் சொல்கிறது. வராத பொருளுக்கு நாள் எங்கிருந்து தொடங்குகிறது என்ற வாதத்துக்கே இடம் வைக்காமல், காசு கட்டிய நாளிலிருந்து மூன்று மாதம் என்று எண்ணிக்கொள்ளுங்கள். மட்டக்களப்பில் இருப்பவர்கள் மாவட்டச் செயலகத்தில் அதிகார சபை அலுவலர்களை விசாரிக்கலாம். கல்முனை, அக்கரைப்பற்று, பொத்துவில் பக்கம் இருப்பவர்களுக்கு அம்பாறைக் கச்சேரி தூரம். பதிவுத் தபாலில் அனுப்பினாலும் முறைப்பாடு முறைப்பாடுதான்.

தமிழில் எழுதுங்கள். வடக்கு, கிழக்கில் தமிழ் நிர்வாக மொழி. எந்த அரச அலுவலகத்துக்கும் தமிழில் எழுதி, பதில் பெறும் உரிமை உங்களுக்கு இருக்கிறது. சிங்களத்தில் எழுதித் தருகிறோம் என்று வெளியே காசு வாங்குபவர்களிடம் போகத் தேவையில்லை.

கடிதத்தில் இருக்க வேண்டியவை: உங்கள் பெயர், முகவரி, தொலைபேசி, அடையாள அட்டை இலக்கம், வியாபாரியின் பெயர், முகவரி, தொலைபேசி, இணையப் பக்கம், பொருள், தொகை, திகதிகள், விற்பனையாளரிடம் கேட்டதும் அவர் சொன்னதும், உங்களுக்கு என்ன வேண்டும். கடைசி விடயத்தைப் பலர் எழுதுவதில்லை. "நடவடிக்கை எடுக்கவும்" என்று முடித்தால் அலுவலருக்கு நீங்கள் காசைக் கேட்கிறீர்களா, பொருளைக் கேட்கிறீர்களா என்று தெரியாது. "ரூபா 18,500ஐத் திருப்பித் தர உத்தரவிடவும்" என்பது போலத் தொகையோடு எழுதுங்கள். ஆதாரங்களின் போட்டோ கொப்பியை மட்டும் இணையுங்கள். மூலம் உங்களிடமே இருக்கட்டும்.

இல்லாத பொருளை இருப்பதாகக் காட்டிக் காசு வாங்கியது தெரிந்தால் 30 ஆம் பிரிவையும் குறிப்பிடலாம். பாவனையாளரைத் தவறாக வழிநடத்தும் நடத்தையை அது தடைசெய்கிறது.

விசாரணைக்கு இரு தரப்பையும் அழைப்பார்கள். நட்டம் ஏற்பட்டது என்று சபை கண்டால் நட்டஈடு கொடுக்கவோ, பொருளை மாற்றித் தரவோ, காசைத் திருப்பவோ எழுத்தில் உத்தரவிடலாம். அதையும் வியாபாரி மதிக்காவிட்டால் நீதவான் நீதிமன்றம் மூலம் அந்தத் தொகையை அபராதம் போல அறவிட வழி இருக்கிறது. அழைப்புக் கடிதம் வந்த கடைகள் விசாரணைக்கு முன்பே சமரசத்துக்கு வருவதும் உண்டு. அப்படி வந்தால் காசு கையில் வந்த பிறகே முறைப்பாட்டை மீளப் பெறுங்கள். "நீங்க கேஸ வாபஸ் வாங்குங்க, பின்னேரம் காசு போடுறம்" என்பதை நம்ப வேண்டாம்.

8. எப்போது பொலிஸ்

கடை இருக்கிறது, தாமதிக்கிறது என்றால் அது பொலிஸ் வேலை அல்ல. "இது சிவில் விடயம்" என்று திருப்பி அனுப்புவார்கள், அதில் பிழையும் இல்லை. தொடக்கத்திலிருந்தே ஏமாற்றும் நோக்கம் இருந்தது என்று காட்டக்கூடியதாக இருந்தால் போங்கள். பொய் முகவரி, காசு விழுந்தவுடன் தடுத்தது, பக்கத்தின் பெயரை மாற்றியது, அதே பக்கத்தில் பலர் ஏமாந்தது என்பவைதான் அங்கே எடுபடும். அவற்றை முதலில் சொல்லுங்கள்.

முறைப்பாட்டு இலக்கத்தையும் பிரதியையும் கேட்டு வாங்குங்கள். வாக்குமூலம் உங்களுக்கு வாசிக்கத் தெரியாத மொழியில் எழுதப்பட்டிருந்தால் கையொப்பமிட வேண்டாம். தமிழில் பதியச் சொல்லிக் கேளுங்கள். அம்பாறை நகரப் பக்கம் இது கூடுதலாகத் தேவைப்படும். பலர் ஏமாந்த பெரிய விவகாரம் என்றால் குற்றப் புலனாய்வுத் திணைக்களத்தின் கணினிக் குற்ற விசாரணைப் பிரிவுக்கும் அறிவிக்கலாம். போலிப் பக்கம், திருடப்பட்ட கணக்கு போன்றவற்றுக்கு இணையப் பாதுகாப்பைக் கவனிக்கும் இலங்கை சேர்ட் அமைப்பின் 101 இலக்கம் உதவும். அவர்கள் காசை மீட்டுத் தரும் இடம் அல்ல.

9. மத்தியஸ்த சபை

விற்பனையாளர் உள்ளூர் ஆள் என்றால் இது நல்ல வழி. காத்தான்குடியிலோ கல்முனையிலோ வீட்டிலிருந்து உடுப்பு, அழகுசாதனம் விற்பவர்கள் நிறைய. அவர்களில் பலர் மோசடிக்காரர் அல்லர், கொழும்பிலிருந்து சரக்கு வராமல் மாட்டிக்கொண்டவர்கள். 1988 ஆம் ஆண்டின் 72 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அமைந்த மத்தியஸ்த சபை பெரும்பாலும் வார இறுதியில் பாடசாலைகளில் கூடும். சட்டத்தரணி உங்களுக்காகப் பேச முடியாது, நீங்களே பேச வேண்டும். செலவு இல்லை என்றே சொல்லலாம். பிரதேச செயலகத்தில் விசாரித்தால் உங்கள் பிரிவுக்கான சபையின் விபரம் கிடைக்கும். இணக்கம் வந்தால் எழுதிக் கையொப்பமிடுவார்கள். வராவிட்டால் தீர்வு எட்டவில்லை என்ற சான்றிதழ் தருவார்கள். சிறு தொகை வழக்கை நீதிமன்றத்துக்குக் கொண்டுபோக அந்தச் சான்றிதழ் தேவைப்படும். சட்டத்தரணிக்குக் கொடுக்க வசதியில்லாதவர்கள் சட்ட உதவி ஆணைக்குழுவை நாடலாம்.

10. வீட்டு வாசலில் காசு கொடுப்பவர்கள் கவனிக்க

பொருள் வந்த பின் காசு கொடுக்கும் முறையே எங்கள் பக்கத்துக்குப் பாதுகாப்பானது. ஆனாலும் கூரியர்காரர் காசு வாங்கும் முன் பொதியைப் பிரிக்க விடமாட்டார். ஆகவே ஒட்டுச்சீட்டில் உள்ள அனுப்புநர் பெயரையும் ஓடர் இலக்கத்தையும் பார்த்துவிட்டுத்தான் காசு கொடுங்கள். நீங்கள் ஓடர் செய்யாத பொதியை, வீட்டில் இல்லாதவர் பெயருக்கு வந்தது என்று சொன்னாலும், வாங்க வேண்டாம். வீட்டில் அம்மாவோ பிள்ளைகளோ தனியாக இருந்தால் இதை அவர்களிடம் முன்கூட்டியே சொல்லிவையுங்கள்.

பிரிக்கும்போது போனில் படம்பிடியுங்கள். ஒட்டுச்சீட்டு, ஒட்டுநாடா வெட்டாமல் இருப்பது, உள்ளே இருப்பது எல்லாம் இடைவெட்டில்லாமல் ஒரே காணொளியில் வர வேண்டும். பெட்டிக்குள் சவர்க்காரக் கட்டியோ வெறும் கடதாசியோ இருந்தால் அந்தக் காணொளிதான் உங்கள் ஒரே சாட்சி.

பொதிக்காகக் காத்திருக்கும் நாட்களில் இன்னொரு வலை வரும். "உங்கள் பொதி வந்துள்ளது, முகவரி முழுமையாக இல்லை, சிறு கட்டணம் செலுத்தவும்" என்று தபால் திணைக்களத்தின் பெயரில் இணைப்போடு குறுஞ்செய்தி. தபால் திணைக்களமே பலமுறை இது பற்றி எச்சரித்திருக்கிறது. அந்த இணைப்பில் அட்டை இலக்கமும் ஓடிபியும் கொடுத்தால் கணக்கே காலியாகிவிடும். வெளிநாட்டுப் பொதிக்குச் சுங்கத் தீர்வை இருந்தால் உங்கள் தபாலகத்திலேயே விசாரித்துக் கட்டுங்கள். வெளிநாட்டுத் தபால் தடமறிதல் இலக்கம் இரண்டு ஆங்கில எழுத்து, ஒன்பது இலக்கம், பிறகு அனுப்பிய நாட்டின் இரண்டு எழுத்து என்ற வடிவில் இருக்கும். தபாலகத்துக்குப் போகும்போது அதை எழுதிக்கொண்டு போனால் தேடுவது இலகு.

11. காசு திரும்பிய பின் பொதி வந்தால்

இதுவும் நடக்கும். வங்கி காசைத் திருப்பிய பிறகு, எங்கோ கிளையில் கிடந்த பொதி ஒரு நாள் வாசலில் வந்து நிற்கும். பிரிக்காமல் திருப்பி அனுப்பலாம், அல்லது வாங்கிக்கொண்டு வங்கிக்கும் கடைக்கும் அன்றே அறிவிக்கலாம். இரண்டையும் செய்யாமல் பொருளையும் காசையும் வைத்துக்கொண்டால், கடை விநியோகச் சான்றைக் காட்டி வங்கியின் முடிவை மறுக்கும், காசு உங்கள் கணக்கிலிருந்து மீண்டும் கழியும், அடுத்த முறை உண்மையான முறைப்பாட்டோடு போகும்போது உங்கள் பேச்சு எடுபடாது. திருப்பி அனுப்புவதானால் பொதியில் "ஏற்கப்படவில்லை" என்று எழுதி, கூரியர்காரர் எடுத்துச் செல்வதையும் ஒட்டுச்சீட்டையும் ஒரு படம் எடுத்து அதே கோவையில் வையுங்கள்.